காய்ந்த பாசி எப்படி உலோகத்தைப் பிடிக்கிறது?

கழிவுநீரில் கலக்கும் சோறு, சாணம், சோப்பு, எண்ணெய் எல்லாம் நாளடைவில் மக்கிப்போகும். பாக்டீரியா தின்னும், வெயிலும் காற்றும் உடைக்கும். கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான் மிஞ்சும். ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல் போன்றவற்றுக்கு அந்த வழி கிடையாது. இவை தனிமங்கள். எந்த நுண்ணுயிர் வந்தாலும் ஈயம் ஈயமாகத்தான் இருக்கும். அதனால் உலோகத்தை நீக்கும் முறை என்று எதைச் சொன்னாலும், அது உலோகத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றும் முறைதான். தண்ணீரிலிருந்து எடுத்தால் அது வேறு எதிலாவது போய்த் தங்கியே ஆக வேண்டும். பாசியைக் கொண்டு தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்தம் செய்வதைப் பற்றிப் படிக்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

அப்படித் தங்கிப்போகும் உலோகம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானே சாட்சி. மினமாட்டா விரிகுடாவில் ஒரு ரசாயன ஆலை விட்ட பாதரசம் மீனில் ஏறி, மீனிலிருந்து மனிதர்களின் நரம்பு மண்டலத்துக்குப் போனது. அந்த நோய் முதன்முதலில் அதிகாரபூர்வமாகப் பதிவானது 1956இல். ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் வயலில் பாய்ந்து அரிசியில் ஏறியது. அதை உண்டவர்களின் சிறுநீரகம் கெட்டு, எலும்பு தளர்ந்து தானாக முறியும் நிலைக்கு வந்தது. இரண்டு இடத்திலும் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்திருக்கும்.

சரி, தொழிற்சாலைகள் இப்போது என்ன செய்கின்றன? பெரும்பாலும் சுண்ணாம்புதான். கழிவுநீரில் சுண்ணாம்பைக் கலந்து காரத்தன்மையை ஏற்றினால், கரைந்திருக்கும் உலோகம் கரையாத ஹைட்ராக்சைடாக மாறி அடியில் படியும். செலவு குறைவு, வேலை வேகம். லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம் உலோகம் இருக்கும் நீரை ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வழி இல்லை. சிக்கல் அதற்கப்புறம் வருகிறது. இந்தியாவில் ஆறு, குளங்களில் விடும் கழிவுநீரில் ஈயம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு மின்னூட்டக் குரோமியத்துக்கும் அதே 0.1தான். குடிநீர் என்றால் ஈயத்துக்கு 0.01. அந்தக் கடைசிக் கொஞ்சத்தை எடுக்கச் சுண்ணாம்பு திணறும். இன்னொரு பக்கம், சுண்ணாம்பு போட்டதால் உண்டான கசடு மலைபோலக் குவியும். சுண்ணாம்புக் கசடு இல்லையென்றாலும், உலோகக் கழிவு குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை உதாரணம். அங்கே மூடிக்கிடக்கும் ஒரு குரோமேட் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு குவிந்திருப்பதும், மழைக்கு மழை அது நிலத்தடி நீரில் இறங்குவதும் அந்தப் பகுதி மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசிக் கொஞ்சத்தைப் பிடிக்க, தன்னிடமுள்ள அயனியை (மின்னூட்டம் கொண்ட துகளை) விட்டு உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசின் உண்டு, ஆர்.ஓ. சவ்வு உண்டு. இரண்டும் நன்றாக வேலை செய்யும், இரண்டும் விலை அதிகம். பாசி வந்து நிற்க நினைப்பது அந்த இடத்தில்தான்.

பாசி என்றதும் பச்சைப் பசேலென்ற குளமும், அதில் வளரும் பாசி உலோகத்தைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பதும் பலர் மனதில் வரும். அது முழுப் பொய் இல்லை. குளோரெல்லா, செனடெஸ்மஸ் போன்ற ஒற்றைச் செல் பாசிகள் உயிரோடு இருக்கும்போது உலோகத்தை உள்ளே இழுத்து, பைட்டோகெலாட்டின் என்ற சிறு புரதத் துண்டுகளால் கட்டிப்போட்டு, செல்லின் ஓர் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும். ஆனால் இதற்கு வெளிச்சம் வேண்டும், உணவு வேண்டும், நாள்கணக்கில் நேரம் வேண்டும். உலோகம் ஓர் அளவைத் தாண்டினால் பாசியே செத்துப்போகும். வீட்டுச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்ய உயிர்ப்பாசிக் குளங்கள் அருமையானவை. உலோக முலாம் பூசும் எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறையின் அமிலக் கழிவுக்கு அவை ஒத்துவராது.

உலோகம் பிடிக்கும் வேலையில் பாதிக்கு மேல் நடப்பது செல்லுக்கு வெளியே, அதன் சுவரில்தான். சுவருக்கு உயிர் தேவையில்லை. வெயிலில் காயவைத்து, அரைத்து, பல மாதம் மூட்டையில் கட்டி வைத்த பாசித் தூளும் உலோகத்தைப் பிடிக்கும். சில நேரம் உயிரோடு இருந்ததைவிட அதிகமாகவே பிடிக்கும். அதற்கு உணவும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம், விஷத்தைக் கண்டு அதற்குப் பயமும் இல்லை. பெரும்பகுதி வேலை முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். மீதி ஒன்றிரண்டு மணி நேரத்தில். ஆய்வகங்களில் உலோகம் பிடிக்கும் பாசி என்று பேசினால் பெரும்பாலும் இந்தக் காய்ந்த பாசியைத்தான் சொல்கிறார்கள்.

இதில் முன்னணியில் நிற்பவை பழுப்புக் கடற்பாசிகள். மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கட்டக்கோரை என்று சொல்வது சர்காசம் இனப் பாசி. பக்கோடா பாசி என்பது டர்பினேரியா. இரண்டிலும் ஆல்ஜினேட் நிறைய இருக்கிறது. பழுப்புப் பாசியின் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாற்பது சதவீதம் வரை ஆல்ஜினேட்டாக இருக்கலாம். ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்கவும், துணியில் சாயம் அச்சடிக்கவும் இதைத்தான் பிரித்தெடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இந்தப் பெண்கள் அள்ளும் கட்டக்கோரை காலங்காலமாக ஆல்ஜினேட் ஆலைகளுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

ஆல்ஜினேட் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கார்பாக்சில் தொகுதி தொங்குகிறது. வினிகரில் புளிப்பைத் தருவதும் இதே தொகுதிதான். தண்ணீரில் இது தன் ஹைட்ரஜனை விட்டுவிட்டு எதிர் மின்னூட்டத்தோடு நிற்கும். நேர் மின்னூட்டம் கொண்ட உலோக அயனி அருகே வந்தால் இழுத்துக்கொள்ளும். கடலில் இருக்கும்போது இந்த இடங்களில் கால்சியம், மெக்னீசியம், சோடியம் உட்கார்ந்திருக்கும். கழிவுநீரில் போட்டதும் அவை இறங்கிக்கொள்ள, ஈயமோ காட்மியமோ ஏறிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கும் அயனிப் பரிமாற்றப் பிசின் செய்யும் வேலையும் இதேதான். பாசி அதைக் கடலிலேயே கட்டி முடித்து வந்திருக்கிறது.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. தோல் பதனிடும் ஆலையில் தோல் ஏன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தோலின் நார், கொலாஜன் என்ற புரதம். அதன் பக்கவாட்டில் நிற்பவையும் கார்பாக்சில் தொகுதிகள்தான். குரோமியம் அவற்றோடு பிணைந்து நாரையும் நாரையும் இறுக்கிக் கட்டுவதால்தான் பச்சைத்தோல் அழுகாமல் ஷூ தைக்கும் தோலாகிறது. ஆக, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளில் சுழலும் மரப் பீப்பாய்க்குள் தோல் எதைக் கொண்டு குரோமியத்தைப் பிடிக்கிறதோ, அதையே கொண்டுதான் மன்னார் வளைகுடாப் பாசியும் பிடிக்கிறது.

தோல் முழுவதையும் பிடித்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை. வழக்கமான முறையில் போடும் குரோமியத்தில் அறுபது, எழுபது சதவீதம்தான் தோலில் ஏறும். மிச்சம் கரும்பச்சை கலந்த நீல நீராகப் பீப்பாயிலிருந்து வெளியே வரும். லிட்டருக்கு ஈராயிரம் மில்லிகிராம் குரோமியம் அதில் இருப்பது சாதாரணம். சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இந்த நீரில் கட்டக்கோரையைப் போட்டுப் பார்த்து, 2004இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கந்தக அமிலத்தில் ஊறவைத்து எடுத்த பாசி, பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.5 முதல் 3.8 வரை இருந்தபோது சுமார் 83 சதவீதம் குரோமியத்தைப் பிடித்தது. ஒரு கிராம் காய்ந்த பாசி அதிகபட்சம் 35 மில்லிகிராம்.

பிஎச் ஏன் அந்த அளவில் நிற்க வேண்டும்? நீரில் அமிலம் அதிகமானால் ஹைட்ரஜன் அயனிகள் பெருகும். அவையும் நேர் மின்னூட்டம் கொண்டவை, அவற்றுக்கும் அதே இடம்தான் வேண்டும். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்பவர்களைப் போல அவை எல்லா இடத்தையும் பிடித்துவிட்டால் உலோகம் நின்றுகொண்டுதான் வர வேண்டும். ஆல்ஜினேட்டின் கார்பாக்சில் தொகுதி ஹைட்ரஜனைக் கைவிடத் தொடங்குவது பிஎச் 3.5ஐ ஒட்டித்தான். அதற்காகப் பிஎச்சை ஒரேயடியாக ஏற்றிவிடவும் முடியாது. நான்கைத் தாண்டி மேலே போகப்போக இந்தக் குரோமியம் தானாகவே திரிந்து படியத் தொடங்கும். அப்புறம் பாசி பிடித்ததா, சும்மா படிந்ததா என்றே தெரியாது. ஈயம், தாமிரம், காட்மியம், நிக்கலுக்கு பிஎச் 4 முதல் 6 வரை தோதான இடம். ஓர் ஆய்வு அபாரமான எண்ணைத் தந்தால் நான் முதலில் பார்ப்பது அது எந்த பிஎச்சில் எடுத்தது என்பதைத்தான்.

இதுவரை சொன்னது மூன்று மின்னூட்டம் கொண்ட குரோமியத்தின் கதை. நச்சு மிகுந்த, புற்றுநோய் வரவைக்கும் ஆறு மின்னூட்டக் குரோமியம் வேறு மாதிரி. அது ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட்டாக, எதிர் மின்னூட்டத்தோடு நீரில் இருக்கும். கார்பாக்சில் தொகுதி அதைத் தள்ளிவிடும். பிஎச்சை 2க்குக் கீழிறக்கினால் பாசியின் மேற்பரப்பு நேர் மின்னூட்டம் பெற்று அதை இழுக்கும். அதோடு பாசியில் இருக்கும் கரிமப் பொருள் எலக்ட்ரானைக் கொடுத்து அதை மூன்று மின்னூட்ட வடிவுக்கு இறக்கிவிடும். நச்சு குறைகிறது, நல்லதுதான். ஆனால் ஓர் ஆலையின் மொத்தக் கழிவுநீரையும் அவ்வளவு அமிலமாக்கி, பிறகு திரும்ப நடுநிலைக்குக் கொண்டுவரும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி கூடவே வருகிறது.

அடுத்து அளவு. இங்கேதான் பல உற்சாகமான செய்திகள் தடுக்கி விழுகின்றன. லிட்டருக்கு 2000 மில்லிகிராம் குரோமியம் உள்ள பீப்பாய் நீர் ஆயிரம் லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் குரோமியம் 2 கிலோ. கிராமுக்கு 35 மில்லிகிராம் என்றால் 57 கிலோ காய்ந்த பாசி வேண்டும். ஈரமாக அள்ளினால் அதைப்போல் பல மடங்கு. ஒரு நடுத்தர ஆலைக்கு ஒரு நாளைக்கே இது கட்டுப்படியாகாது. அடர்த்தியான அந்த நீருக்கு மக்னீசியம் ஆக்சைடு போட்டுக் குரோமியத்தைப் படியவைத்து, அமிலத்தில் கரைத்து மறுபடி பயன்படுத்தும் முறை ஏற்கெனவே டேனரிகளில் இருக்கிறது. அதைச் செய்வதே புத்திசாலித்தனம்.

இப்போது அதன் பிறகு மிஞ்சும் நீரைப் பாருங்கள். பத்தாயிரம் லிட்டர், லிட்டருக்கு 2 மில்லிகிராம். மொத்த உலோகம் வெறும் 20 கிராம். ஏட்டுக்கணக்கில் 600 கிராம் பாசி போதும். நீர் நீர்த்திருக்கும்போது பாசியின் பிடிப்பும் குறையும் என்பதால் சில கிலோ என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இது நடக்கக்கூடிய கணக்கு. பாசியை முதல் வரிசையில் நிறுத்தக் கூடாது, கடைசியில் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உலோகத்துக்கு உலோகம் பிடிப்பும் மாறும். அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில் டர்பினேரியா பாசி கிராமுக்கு 147 மில்லிகிராம் தாமிரம் பிடித்தது. வட அட்லாண்டிக் கரையில் வளரும் அஸ்கோபில்லம் என்ற பழுப்புப் பாசி காட்மியத்தை 215 மில்லிகிராம் வரை பிடித்ததாகக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொகுமில் வொலெஸ்கியின் குழு கண்டது. அதே குழு 1988இல் மிதக்கும் சர்காசம் ஒன்று கிராமுக்கு 420 மில்லிகிராம் தங்கத்தைப் பிடிப்பதைக் காட்டியது. ஈயத்தை ஆல்ஜினேட்டுக்கு ரொம்பப் பிடிக்கும். அடுத்து தாமிரம், அப்புறம் காட்மியம். நிக்கலும் துத்தநாகமும் வரிசையில் கால்சியத்துக்கும் பின்னால் நிற்கின்றன. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் போலக் கால்சியம் மிகுந்த கடின நீரில் நிக்கலைப் பிடிக்கப் பாசியை நம்பினால், கால்சியமே இடத்தை அடைத்துக்கொள்ளும். காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஓர் உலோகத்தைக் கரைத்துச் செய்யும் சோதனையில் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது.

ஆலையில் பாசித் தூளை அப்படியே தொட்டியில் கொட்ட முடியாது. தூள் நீரில் ஊறி உப்பும், கொழகொழவென்றாகும், வடிகட்டியை அடைக்கும். ஆல்ஜினேட்டில் ஒரு பகுதி கரைந்து வெளியேறி நீரைப் பழுப்பாக்கும். உலோகம் குறைந்து கரிமக் கழிவு ஏறினால் என்ன லாபம்? இதற்காகப் பாசியைக் கால்சியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்துச் சுவரை இறுக்குகிறார்கள். பின்பு குருணையாக்கி உயரமான குழாயில் நிரப்பி, கழிவுநீரை அதன் வழியாகச் செலுத்துகிறார்கள். முதலில் வெளியே வரும் நீரில் உலோகம் இருக்காது. நுழைவாயில் பக்கமிருந்து குருணை ஒவ்வொரு அடுக்காக நிரம்பிக்கொண்டே வந்து, கடைசி அடுக்கும் நிரம்பியதும் உலோகம் எட்டிப் பார்க்கும். அந்த நேரத்தில் நீரை நிறுத்தி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் ஹைட்ரஜன் வந்து உலோகத்தை இறக்கிவிடும். பல ஆயிரம் லிட்டரில் கரைந்திருந்த உலோகம் சில லிட்டர் அமிலத்துக்குள் வந்துவிடுகிறது. குருணையை மறுபடி கால்சியத்தில் அலசிப் பயன்படுத்தலாம். சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

இதை வியாபாரமாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் நகரில் ஒரு நிறுவனம் குளோரெல்லாப் பாசியைச் சிலிக்கா ஜெல்லில் பதித்து 'ஆல்காசார்ப்' என்ற பெயரில் மணிகளாகச் செய்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் திட்டத்தின் கீழ் 1989இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் பாதரசம் கலந்த நிலத்தடி நீரில் அதைச் சோதித்தார்கள். நன்றாகவே பிடித்தது. இருந்தும் இது பெரிய சந்தையாக வளரவில்லை. செயற்கைப் பிசின் ஒவ்வொரு மூட்டையும் ஒரே தரத்தில் வரும். பாசியோ இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். ஆலைப் பொறியாளர் எதை நம்புவார் என்று சொல்லத் தேவையில்லை.

பிடித்த பாசியை அப்புறம் என்ன செய்வது? எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் நான் தேடுவது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான். உலோகம் ஏறிய பாசி சட்டப்படி அபாயகரக் கழிவு. எரித்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பாதரசம் என்றால் ஆவியாகக் காற்றில் போய்விடும். மூன்று மின்னூட்டக் குரோமியம், காற்றும் காரமும் சேர்ந்த சூட்டில் திரும்ப ஆறு மின்னூட்டமாக மாறலாம். மண்ணில் உரமாகப் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வேலையை நான் மதிப்பது இந்த இடத்தில்தான். தோல் பதனிடும் குரோம் உப்பைத் தயாரிக்க ஆறு மின்னூட்டக் குரோமிய உப்பான டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் கலந்து, எலக்ட்ரான் கொடுக்க ஏதாவது ஒரு கரிமப் பொருளைச் சேர்ப்பார்கள். வழக்கமாக வெல்லப்பாகுக் கழிவோ சர்க்கரையோ போகும். அவர்கள் அந்த இடத்தில் குரோமியம் ஏறிய கட்டக்கோரையைப் போட்டார்கள். பாசி எலக்ட்ரானைக் கொடுத்துத் தான் எரிந்துபோனது, அது பிடித்து வைத்திருந்த குரோமியம் புதிய குரோம் உப்போடு சேர்ந்துகொண்டது. உலோகம் எங்கே போய்த் தங்கும் என்பதற்கு அங்கே ஒரு நேரான பதில் இருந்தது.

பாசி எங்கிருந்து வரும் என்பதும் சின்னக் கேள்வி இல்லை. மன்னார் வளைகுடாவின் தீவுப் பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கட்டக்கோரைப் படுகையில்தான் மீன் குஞ்சுகளும் இறால்களும் ஒதுங்குகின்றன, அதை அள்ளித்தான் பல குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. ஓர் ஊர்க் கழிவைச் சுத்தம் செய்ய இன்னோர் ஊர்க் கடலைச் சுரண்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கரையில் தானாக ஒதுங்கும் பாசி, ஆலைகள் ஒதுக்கித் தள்ளும் பாசிச் சக்கை இவற்றிலிருந்து தொடங்குவதே முறை. கரீபியன் கடற்கரைகளில் 2011 முதல் ஆண்டுதோறும் சர்காசம் மலைமலையாக ஒதுங்குகிறது. அங்கே இதற்கு வாய்ப்பு அதிகம்.

இதைப் படித்துவிட்டு, கடையில் விற்கும் பாசித் தூளை வீட்டுக் கிணற்று நீரில் போட்டால் உலோகம் போய்விடுமா என்று யாராவது கேட்கக்கூடும். தயவுசெய்து போடாதீர்கள். எவ்வளவு உலோகம் இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று அளக்காமல் எதுவும் தெரியாது. சர்காசம் கடலிலிருந்தே ஆர்சனிக்கைச் சேர்த்துவைத்திருக்கும் பாசி, அதில் கொஞ்சம் உங்கள் குடிநீரில் இறங்கலாம். ஆலைப் பகுதியில் குடியிருந்து கிணற்றின் மேல் சந்தேகம் இருந்தால், தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்து, கன உலோகங்களைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். உப்பு, கடினத்தன்மை மட்டும் பார்க்கும் வழக்கமான சோதனையில் அவை வராது. அறிக்கை வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீரைப் பயன்படுத்துங்கள். கொதிக்கவைப்பதால் உலோகம் போகாது, தண்ணீர் ஆவியாவதால் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.